மூன்று பவுண்டு கேஸ்

வீட்டின் பின்சுவருக்கு வெளியே நான் நிற்பேன். உள்ளே என் மகள் உட்கார்ந்திருப்பாள். என் பக்கம் கேஸ் சிலிண்டரும் அதன் ரெகுலேட்டரும். அவள் பக்கம் கண்ணாடிக் குச்சியை உருக்கி மணி செய்கிற டார்ச். சுவரில் போட்ட துளை வழியாக ஆரஞ்சு நிற ஹோஸ் ஒன்று இரண்டையும் இணைத்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சுடர் தெரியும், மீட்டர் முள் தெரியாது. எனக்கு முள் தெரியும், சுடர் தெரியாது. தலைக்கு மேலே இருந்த சின்ன ஜன்னல் வழியாகத்தான் பேச்சு.

"அப்பா, கொஞ்சம் ஏத்துங்க."

"ஏத்திட்டன் சாமி."

"இல்ல, கொறைங்க. மஞ்சளாகுது."

"இப்ப?"

"ம்."

அந்த 'ம்' வந்ததும் பேச்சு முடிந்துவிடும். ஏழு மாதம், தினமும் காலை பத்து மணி வாக்கில், நாங்கள் இவ்வளவுதான் பேசிக்கொண்டோம். மற்ற நேரத்தில் அவள் இதுகூடப் பேசமாட்டாள்.

நான் சங்ககிரியில் இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டினவன். கடைசியில் சொந்தமாக ஒரு வண்டி வைத்திருந்தேன். கொரோனா வந்து நுரையீரலைப் பாதி தின்றபிறகு அதை விற்றுவிட்டேன். என் ஒரே மகள் இஞ்சினியரிங் படித்தவள். நாமக்கல்லில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை கோழித் தீவனக் கம்பெனி ஒன்றின் லேபில் வேலை பார்க்கிறார், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். கல்யாணமாகி நாலாம் வருடம் அவள் உண்டானாள். எட்டாம் மாதத்தில் ஒருநாள் வயிற்றில் அசைவில்லை என்று போன் செய்தாள். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழந்தை இறந்தே பிறந்தது. பெண் குழந்தை.

பத்தியம் பார்க்க ஒரு மாதம் இருக்கட்டும் என்று எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அந்த ஒரு மாதம் ஒரு வருடமாகிவிட்டது. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பைக்கில் வருவார். இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு முனையில் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் அவர், "வாரேனுங்க மாமா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். அவர் பைக் தெருமுனை திரும்பும்வரை நான் வாசலில் நிற்பேன். வேறு என்ன செய்வது என்று தெரியாது.

கண்ணாடி மணி செய்வதை அவள் போனில் பார்த்திருக்கிறாள். காலேஜில் படிக்கும்போது இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்கும் போயிருந்தாளாம், அது எங்களுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையிடம், "எனக்கு ஒரு டார்ச் வாங்கித் தருவீங்களா?" என்று கேட்டாள். அந்த வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அவர் அடுத்த வாரமே டார்ச்சை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தார். கண்ணாடிக் குச்சிகள் வடக்கே பிரோசாபாத் பக்கமிருந்து கூரியரில் வந்தன. அட்டைப் பெட்டியைத் திறந்து, பச்சையையும் நீலத்தையும் தனித்தனியாக அவள் பிரித்து வைத்ததைச் சமையலறைக் கதவோரம் நின்று பார்த்த என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

டார்ச்சுக்குக் கேஸோடு ஆக்சிஜனும் வேண்டும். எனக்காக வாங்கிய ஆக்சிஜன் மிஷின் பரணில் கிடந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக்குக் கொடுக்கிற மிஷின். அதை இறக்கித் துடைத்துக் கொடுத்தேன். அது கொடுப்பது கொஞ்ச ஆக்சிஜன். அதனால் கேஸையும் அதற்குத் தகுந்த மாதிரி கொஞ்சமாகத்தான் விட வேண்டும். கேஸ் கூடினால் சுடர் மஞ்சளாகிப் புகையும், கண்ணாடியில் கரி ஏறும். குறைந்தால் டார்ச்சின் வாய்க்குள்ளேயே 'டப் டப்' என்று வெடித்து அணையும். சமையல் அடுப்பின் ரெகுலேட்டரில் ஏற்றவோ இறக்கவோ வழியில்லை, அதில் இந்த டார்ச் சரியாக எரியவும் இல்லை. டீக்கடைகளுக்குத் தருகிற சிலிண்டர் ஒன்றை வாங்கிப் பின்பக்கம் தகரக் கூரைக்கடியில் நிறுத்தினேன். ஈரோடு ரோட்டில் வெல்டிங் சாமான் விற்கும் கடைக்குப் போய், திருகி மாற்றுகிற ரெகுலேட்டர் ஒன்று கேட்டேன்.

கடைக்காரருக்கு என் வயது இருக்கும். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். ரெகுலேட்டரைக் கையில் கொடுத்து, நடுவிலிருந்த திருகைத் தொட்டுக் காட்டினார்.

"இதைய வலது பக்கம் திருகுனா பிரஷர் ஏறுமுங்க. எடது பக்கம் தளத்துனாக் கொறையும். தண்ணிப் பைப்பு மாதிரி நெனைச்சுப் போடாதீங்க. மூடோணும்னா இதுல கையே வெக்காதீங்க, சிலிண்டர் வால்வைத்தான் மூடோணும். ஆளுக்கு ஆளு இதுலதான் ஏமாறுவாங்க."

"நமக்குத் தெரியாததுங்களா?" என்று சிரித்தேன். "எத்தனை வால்வு பாத்திருப்பன்."

"உங்களுக்கு எவ்வளவு பிரஷர் வேணுமுங்க?"

"மூணு பவுண்டுங்கறா புள்ள."

அவரும் சிரித்தார். லாரி டயருக்கு நூற்றிருபது பவுண்டு காற்று அடித்தவன் நான். சுத்தியால் தட்டிப் பார்த்தே எந்த டயரில் பத்துப் பவுண்டு குறைகிறது என்று சொல்வேன். ஆனால் இந்த மூன்று பவுண்டு என் கைக்கு அடங்கவில்லை. முள் தன் வீட்டைவிட்டு ஒரு நெல் அகலம் நகர்ந்தால் மூன்று. மூச்சு விட்டால் நாலு. டார்ச் அணைந்திருக்கும்போது மூன்றில் வைத்தால், உள்ளே அவள் பற்ற வைத்ததும் இரண்டுக்கு இறங்கிவிடும். எரிகிறபோதுதான் சரி பார்க்க முடியும். அதனால்தான் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. வெயில் ஏறினால் ஒரு கணக்கு, மார்கழிக் குளிரில் ஒரு கணக்கு. சிலிண்டர் தீரப் போகும்போது இன்னொன்று.

என் மனைவி தினமும் கேட்பாள். "என்னங்க, புள்ள ஏதாச்சும் பேசுனாளா?"

"ஏத்தச் சொன்னா. கொறைக்கச் சொன்னா."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

மணிகள் முதலில் எல்லாம் விரிசல் விட்டன. சூடாக எடுத்ததைச் சாம்பல் டப்பாவில் புதைத்து வைப்பாள். மறுநாள் காலையில் தோண்டி எடுத்தால் பாதி உடைந்திருக்கும். உடைந்ததை அவள் ஒரு தட்டில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். நான் வெளியே போய், கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஹோஸ் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவுவேன். நேற்றுத்தான் தடவியிருப்பேன். மறுபடியும் தடவுவேன்.

அது மாசி மாதம். ஒரு வியாழக்கிழமை. பதினொரு மணி இருக்கும். பிரஷர் வைத்துக் கொடுத்துவிட்டு வேப்ப மர நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து மகள் கத்தினாள்.

"அப்பா! மூடுங்க! மூடுங்கப்பா!"

டார்ச்சும் ஹோஸும் சேரும் இடத்தில் கிளிப் தளர்ந்து கேஸ் கசிந்திருக்கிறது. அங்கே விரல் நுனி அளவு நெருப்புப் பிடித்திருக்கிறது. கேஸ் டார்ச்சின் குமிழுக்கு வந்து சேரும் முன்பே எரிந்ததால், குமிழை மூடி அவளால் அதை அணைக்க முடியவில்லை. இது எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குக் கேட்டது 'மூடுங்க' மட்டும்தான். ஓடினேன். என் கை ரெகுலேட்டர் திருகைப் பிடித்தது. வலது பக்கம் திருகியது. பிறந்ததிலிருந்து எதை மூடினாலும் வலது பக்கம்தானே திருகியிருக்கிறேன். மூடவில்லை என்று பட்டதும் இன்னும் இறுக்கித் திருகினேன். ஒரு சாண் தள்ளிச் சிலிண்டர் வால்வு இருந்தது. அதை அப்புறம்தான் மூடினேன். நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. இரண்டு வினாடியாக இருக்கலாம்.

பிரஷர் ஏறியதில் ஹோஸ் கிளிப்பைவிட்டுக் கழன்று அவள் பக்கம் திரும்பிவிட்டது. நான் உள்ளே ஓடியபோது என் மனைவி ஈரப் போர்வையை அவள் இடது கைமேல் போட்டு அழுத்திக்கொண்டிருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வழன்று உரிந்திருந்தது. புருவம் ஒரு பக்கம் கருகியிருந்தது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "அப்பா, ரெகுலேட்டர் போயிருச்சுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலீல்ல?" என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், எலும்புக்கும் நரம்புக்கும் ஒன்றுமில்லை, தழும்பு நிற்கும் என்றார்கள். மாப்பிள்ளை நாமக்கல்லிலிருந்து வந்தார். மகள் தூங்கியபிறகு என்னிடம், "ரெகுலேட்டர் எங்க வாங்குனீங்க மாமா?" என்று கேட்டார். மறுநாள் அதைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். நானும் போனேன். போகாமல் இருக்க ஒரு காரணம் சொல்லத் தெரியவில்லை.

குரலே உயர்த்தாத அந்த மனிதர் அன்றைக்குக் கடை வாசலில் நின்று கத்தினார். "இப்புடித் தானா ஏறுற சாமானைய விக்கிறீங்களே, ஒரு உசுரு போயிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?" ஒரு வருடமாக அவர் யாரிடமும் கோபப்படவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது ஒரு ஆள் கிடைத்திருக்கிறார்.

கடைக்காரர் ரெகுலேட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எதிரே நின்ற லாரியின் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன்.

"பழுதா இருந்தாலும் இருக்குமுங்க" என்றார் அவர். "வேற தாரேன். புள்ளைக்கு இப்ப எப்புடிங்க இருக்குது?"

அந்த வார்த்தை போதும், மாப்பிள்ளை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கடைக்காரர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் புது ரெகுலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்னொருவர் என் குற்றத்தைச் சுமந்துகொண்டு என் மருமகனுக்குத் தண்ணீர் கொடுக்கிறார், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என்னைப் பற்றி நானே தெரிந்துகொண்டதில் மோசமானது அது.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் தனியாகக் கடைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டனுங்க. பழுது ஒண்ணுமில்ல. மூணு பவுண்டு வெச்சா மூணுலயே நிக்குது."

"நாந்தான் மாத்தித் திருகிப்போட்டனுங்க."

"தெரியுமுங்க."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"அந்தத் தம்பி இருந்த நெலைமைல எதைய சொல்றதுங்க?" என்றவர், "என்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப் போகுது? புள்ளைகிட்டச் சொல்லுங்க" என்றார்.

சொல்வதற்கு மேலும் ஒரு வாரம் ஆனது. தினமும் நினைப்பேன், தினமும் தள்ளிப் போடுவேன். புண்ணைப் பார்க்க என் மனைவிக்குத் தைரியம் கிடையாது. கட்டுப் பிரித்து மருந்து போடுவது என் வேலை. ஒருநாள் மத்தியானம் பஞ்சை நனைத்துக்கொண்டிருக்கும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"ரெகுலேட்டர்ல பழுதில்ல சாமி. நீ மூடச் சொன்ன. நான் பதட்டத்துல ஏத்திப்போட்டன்."

அவள் கை என் கையிலேயே இருந்தது. இழுத்துக்கொள்ளவில்லை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அந்த நிமிசமே தெரியும்."

"பன்னெண்டு நாளாச்சு."

"ஆமா."

"அந்தக் கடைக்காரரு?"

"அவருகிட்டச் சொல்லிட்டன்."

அவள் எழுந்து நின்றாள். பாதி கட்டு தொங்கியது. ஒரு வருடமாக நான் கேட்காத குரல் அவளிடமிருந்து வந்தது.

"இன்னும் என்னென்ன மறைச்சு வெச்சிருக்கீங்க? அன்னிக்கும் இப்புடித்தான பண்ணுனீங்க! நான் கேட்டனா இல்லியா? கொழந்தையக் காட்டுங்கன்னு கேட்டனா இல்லியா? 'அப்பறம் சாமி, அப்பறம் சாமி'ன்னீங்க. நான் முழிச்சுப் பாக்கறப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. என்ற கொழந்தைய நீங்க பாத்தீங்க. நான் பாக்குல."

என் மனைவி ஓடி வந்து கதவோரம் நின்றாள். உள்ளே வரவில்லை.

உண்மைதான். அன்றைக்குச் சேலத்தில் நர்ஸ் என்னிடம் வந்து, "அம்மாவுக்குக் காட்டலாமா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை உள்ளே அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிவு சொல்ல வேண்டியவன் நான். வேண்டாம் என்றேன். பார்த்தால் தாங்கமாட்டாள், பார்க்காவிட்டால் சீக்கிரம் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. என் கை தானாகவே அந்தப் பக்கம் திருகிவிட்டது.

"எப்புடி இருந்துச்சு?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது. "சொல்லுங்கப்பா."

சொன்னேன். தலை நிறைய முடி இருந்தது, ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது என்றேன். விரல் நீளம் என்றேன். நகமெல்லாம் முழுசாக இருந்தது. கண் மூடியிருந்தது. உதடு மட்டும் கறுத்திருந்தது. இடது காது மடல் மேலே கொஞ்சம் மடங்கியிருந்தது.

"உங்களுக்கு இருக்கற மாதிரியா?"

"ஆமா சாமி."

"கனமா இருந்துச்சா?"

ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சேலத்திலிருந்து சங்ககிரி வரை காரில் வந்தேன். எத்தனையோ டன் இரும்பும் சிமெண்டும் ஏற்றி ஓட்டின ரோடு அது. அந்த வழி முழுக்க என் தொடை மரத்துப்போயிருந்தது. அதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் அழுதேன். மகளுக்கு முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை. அவள் என்னைத் தேற்றவில்லை. அவளுக்கு அதற்கு நேரமில்லை, அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"அந்த எடத்தக் காட்டுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். ஊருக்கு வெளியே ஓடையை ஒட்டிய சுடுகாடு. ஒரு ஓரத்தில் குழந்தைகளைப் புதைப்பார்கள். நானும் என் பழைய கிளீனரும்தான் அன்றைக்குக் குழி வெட்டினோம். தலைமாட்டில் ஒரு வெள்ளைக் கல் நட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் அந்த ஓரம் முழுக்க வேலிமுள்ளை ஜேசிபி வைத்து அடித்துச் சமன் பண்ணியிருந்தார்கள். பாதை அகலமாக்குகிறார்களாம். கல் இல்லை, மேடு இல்லை. செம்மண் தரை மட்டும் கிடந்தது.

"இங்கியாப்பா?"

"இந்தப் பக்கந்தான் சாமி." இரண்டடி நகர்ந்தேன். "இல்ல, அந்தப் புளியமரத்துக்கு நேரா இருந்துச்சு. அப்புடீன்னா... அங்க."

இந்தியா முழுக்க வழி கேட்காமல் வண்டி ஓட்டினவன் நான். என் பேத்தியைப் புதைத்த இடத்தை என்னால் காட்ட முடியவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் தரையில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக நடந்தாள். திரும்பி இரண்டடி தள்ளி மறுபடி நடந்தாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்திருந்தாள். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெயில் ஏறும்வரை நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள். ஒரே ஒரு தடவை அவர் குரல் உயர்ந்து கேட்டது, பிறகு கேட்கவில்லை. வெளியே வந்ததும் அவர் என்னை அடித்தால்கூட வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வாசல் திண்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடைக்காரரைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"மாமா, பாப்பா எப்புடி இருந்துச்சுன்னு எனக்கும் ஒருக்காச் சொல்லுங்க" என்றார். அவரும் பார்த்ததில்லை என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

மறுபடி முடியிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாம் தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை. அன்றைக்கே மாப்பிள்ளை ஈரோடு ரோட்டுக்குப் போய்க் கடைக்காரரிடம் கையைக் கூப்பிவிட்டு வந்திருக்கிறார். அது எனக்கு அவர் சொல்லித் தெரியவில்லை, கடைக்காரர் சொல்லித் தெரிந்தது.

கை ஆற இரண்டு மாதம் பிடித்தது. ஆறியபிறகு அவள் டார்ச்சை மறுபடியும் பற்றவைத்தாள். நான் வழக்கம்போல வெளியே போய் நின்றேன். "நானே வெச்சுக்கறனுங்கப்பா, நீங்க போய் உக்காருங்க" என்றாள். கோபமாகச் சொன்னாளா, எனக்குச் சிரமம் வேண்டாம் என்று சொன்னாளா, தெரியவில்லை. அவளே வெளியே வந்து பார்ப்பாள், உள்ளே போவாள், மறுபடி வெளியே வருவாள். பத்துப் பதினைந்து தடவை நடப்பாள். நான் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆடி முடிந்து நாமக்கல்லுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை ஒரு டெம்போ கொண்டுவந்து எல்லாவற்றையும் ஏற்றினார். நன்றாகிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். வாரத்தில் இரண்டு நாள் போன் செய்கிறாள். அம்மாவிடம் குழம்புக்குப் பக்குவம் கேட்கிறாள். என்னிடம் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். சில நாள் குரல் கம்மியிருக்கும். அப்போது ஏதாவது கேட்க வேண்டும் என்று தோன்றும். என்ன கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "சரிங்கப்பா, வெச்சரட்டுங்களா?" என்பாள். நான் சரி என்பேன்.